பூட்லோடர் திறந்தது, அலாரம் அடிக்கவில்லை

போன சனிக்கிழமை என் மனைவியின் போனில் ஒரு வேலை பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். ‘எழுதுங்க... உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்களோ’ என்று சொன்னவள் அவள்தான். அதனால் எழுதுகிறேன்.

மல்லிகாவைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். சேலையூர் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சர்க்கரை ஏறுவது ஒரு பிரச்சினை என்றால், திடீரென்று இறங்குவது அதைவிடப் பெரிய பிரச்சினை. ஆரம்பத்தில் இறங்கும்போதே கை நடுங்கும், படபடக்கும். உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். வருடங்கள் போகப் போக உடம்பு அந்த முன்னறிவிப்பைக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டது.

அதனால் டாக்டர் மேல்கையில் ஒரு சென்சார் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம் பெரியது. அது சர்க்கரை அளவைப் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அளவு இறங்க ஆரம்பித்தால் போன் அலறும். வகுப்பு நடுவில், பஸ்ஸில், கோயிலில் — எங்கே இருந்தாலும் அலறும். அந்த அலறலை நம்பித்தான் அவள் தனியாக வெளியே போய் வருகிறாள்.

அந்தப் போனில்தான் நான் கை வைத்தேன்.

ஏன் கை வைத்தேன்? போன் பழையதாகிவிட்டது. ஒரு மெசேஜைத் திறக்க அரை நிமிடம். கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்தி நாளாகிவிட்டது. ‘ஸ்லோவா இருக்கு’ என்று அவள் சொன்னது இரண்டு தடவைதான். நான்தான் அதை என் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்ப்பது திருமுடிவாக்கத்தில், ஒரு சின்ன இன்ஜினீயரிங் கம்பெனியில். அங்கே ஜெரால்டு என்று ஒரு டிசைன் இன்ஜினீயர். போன்களைப் பிரித்து மேய்வதில் ஆள் கெட்டிக்காரர். டீ நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“பூட்லோடரை அன்லாக் பண்ணிட்டு வேற சாஃப்ட்வேர் போடுங்க சார். பழைய போனு புதுசா ஓடும்” என்றார்.

பூட்லோடர் என்றால்? போனை ஆன் செய்ததும் முதலில் எழுந்து நிற்கும் சின்னப் புரோகிராம். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உள்ளே இருப்பது கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேர்தானா?’ என்று சோதித்துவிட்டுத்தான் போனை இயங்க விடும். வேறு சாஃப்ட்வேர் போட வேண்டுமென்றால் அந்த வாட்ச்மேனை முதலில் அனுப்பிவைக்க வேண்டும். அதுதான் அன்லாக்.

போன் கம்பெனியின் இணையதளத்தில் விண்ணப்பித்தேன். ஏழு நாள் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தேன். அந்த ஏழு நாளில் பதினைந்து வீடியோ பார்த்திருப்பேன். எல்லா வீடியோவிலும் முடிவில் ஒருவர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். யாருடைய மனைவியும் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இல்லை.

சனிக்கிழமை காலை. பள்ளி லீவு. மல்லிகாவுக்கு அனகாபுத்தூரில் ஒரு விசேஷம் — கூட வேலை பார்க்கும் ஷீலா டீச்சர் புது வீடு கட்டியிருந்தார். பதினொன்றரைக்கு ஜெபம், அதன் பிறகு சாப்பாடு. எனக்கு அம்பத்தூரில் இருந்து ஒருவர் வருவதாக இருந்ததால் நான் போகவில்லை. அவர் வரவும் இல்லை.

ஒன்பது மணிக்குப் போனை வாங்கிக்கொண்டேன்.

“பதினோரு மணிக்குக் கிளம்பணும். அதுக்குள்ள முடியுமா?”

“பத்தரைக்கே குடுத்துடறேன்.”

போட்டோக்கள், கான்டாக்ட் நம்பர்கள் எல்லாவற்றையும் லேப்டாப்பில் எடுத்து வைத்தேன். அதில் நான் கவனம்தான். அன்லாக் செய்தால் போனில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்று தெரியும். கேபிளைச் செருகி, லேப்டாப்பில் கட்டளை கொடுத்தேன். போன் ஒரு எச்சரிக்கை காட்டியது. அதைப் படித்தேனா? முதல் வரியைப் படித்தேன். மீதியை... எல்லோரும் எப்படிப் படிப்பார்களோ அப்படிப் படித்தேன். சம்மதம் கொடுத்தேன்.

புதிய சாஃப்ட்வேர் ஏறிற்று. போன் எழுந்தது. விரல் பட்டால் பறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கான்டாக்ட் நம்பர்களைத் திரும்ப ஏற்றினேன். சென்சார் ஆப்பை டவுன்லோடு செய்தேன். அதைத் திறந்தபோது மணி பதினொன்று ஐந்து. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. ‘காத்திருக்கவும்’ என்றது.

மல்லிகா புடவை கட்டி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றாள். விசேஷத்துக்கென்று வேறு ஒரு சின்னக் கைப்பை; எப்போதும் மிட்டாய் கிடக்கும் பள்ளிப் பை இல்லை.

“ஆச்சா?”

“ஆச்சு. அந்த ஆப் மட்டும் லோடு ஆகிட்டிருக்கு. போற வழியில தானா வந்துடும்.”

“அலாரம் அடிக்கும்ல?”

“அடிக்கும், அடிக்கும். நீ கிளம்பு.”

வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

லேப்டாப்பில் திறந்து கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். சென்சார் ஆப்பின் உதவிப் பக்கம் ஒன்று திறந்து கிடந்தது. மூடுவதற்கு முன் கண் ஒரு வரியில் விழுந்தது. பூட்லோடர் திறக்கப்பட்ட போனில் பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்த ஆப் இயங்காது.

இன்னும் கீழே ஒரு வரி. சென்சார் எந்தப் போனோடு முதலில் இணைக்கப்பட்டதோ, அதிலிருந்து தகவல் அழிந்துவிட்டால் மறுபடி இணையாது.

இரண்டு வரியையும் திரும்பப் படித்தேன். அந்த வட்டம் லோடு ஆவதற்காகச் சுற்றவில்லை. அது இனி எப்போதுமே சுற்றும்.

காலையில் எட்டு மணிக்கு இன்சுலின் போட்டிருக்கிறாள். இரண்டு இட்லி. பதினொரு மணிக்கு வழக்கமாக ஏதாவது சாப்பிடுவாள். இன்று கிளம்பும் அவசரத்தில் சாப்பிட்டாளா? பார்க்கவில்லை. அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் போயிருக்கிறாள்.

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி. அதே குரல். நாங்கள் இருக்கும் செம்பாக்கத்துக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவில் என்ன காடா இருக்கிறது? ஜெரால்டைக் கூப்பிட்டேன்.

“கால் போகாது சார். சில போன்ல வேற சாஃப்ட்வேர் போட்டா நெட்டு மட்டும் வரும், கால் வராது. அதுக்குத் தனியா ஒரு செட்டிங் பண்ணணும்” என்றார். “ஏன் சார், அவசரமா?”

சொன்னேன்.

“மேடம் டெய்லி யூஸ் பண்ற போன்னு நீங்க சொல்லவே இல்லையே சார். நான் ஏதோ சும்மா கெடக்கற போன்னு நெனச்சேன்.”

உண்மைதான். சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடலாம் என்றால், அதை நான் இன்னும் அவள் போனில் திரும்ப ஏற்றவில்லை. ஷீலா டீச்சரின் நம்பர்? என்னிடம் இல்லை. காலையில் லேப்டாப்பில் எடுத்து வைத்த கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்தேன். மூன்று ஷீலா. ‘ஷீலா டெய்லர்’, ‘ஷீலா மாடி’, வெறும் ‘ஷீலா’. வெறும் ஷீலாவின் நம்பரை அடித்தேன்.

எடுத்தது ஒரு ஆண் குரல். பின்னால் மைக் சத்தம், பாட்டு.

“ஷீலா அக்கா உள்ள ஜெபத்துல கீறாங்க. நான் பந்தல்காரன். இன்னா வேணும்?”

“அங்க மல்லிகா டீச்சர்னு ஒருத்தர் வந்திருப்பாங்க. அவங்ககிட்ட போனைக் கொஞ்சம் கொடுங்க. ரொம்ப அவசரம்.”

“இங்க முப்பது டீச்சர் கீறாங்க சார். எப்டி இருப்பாங்க?”

எப்படி இருப்பாள்? இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

“மாம்பழக் கலர் புடவை. கண்ணாடி போட்டிருப்பாங்க. கையில மேல சின்னதா வெள்ளையா ஒண்ணு ஒட்டியிருக்கும்.”

போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் நடப்பது கேட்டது. யாரையோ விசாரித்தார். திரும்பி வந்தார்.

“அந்த அம்மா கெளம்பிட்டாங்களாம் சார். தல வலிக்குது, வெயிலு ஒத்துக்கலன்னு சொல்லிகினு போனாங்களாம். இப்பதான், பத்து நிமிஷம் ஆவுது.”

“சாப்பிட்டாங்களா?”

“இன்னும் பந்தியே போடல சார்.”

இதற்கு மேல் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஃப்ரிட்ஜ் மேல் இருந்த குளுக்கோமீட்டரை எடுத்தேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி. சென்சார் வந்த பிறகு அதை யாரும் தொட்டதே இல்லை. சர்க்கரை டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஹஸ்தினாபுரம், ராதா நகர், குரோம்பேட்டை. தினமும் போகிற வழி. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பாக நின்றது. அனகாபுத்தூரிலிருந்து அவள் எப்படி வருவாள்? ஷேர் ஆட்டோ பிடித்து பம்மல் வழியாகப் பல்லாவரம். அங்கிருந்து பஸ். எதிரே வரும் ஒவ்வொரு ஷேர் ஆட்டோவிலும் மாம்பழக் கலரைத் தேடிக்கொண்டே போனேன். ஏழெட்டு பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் ஆட்டோவில் ஒரு புடவையைத் தேடுவது லேசான காரியமா?

சர்க்கரை இறங்கினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன். முதலில் எரிச்சல் வரும். பிறகு பேச்சு குழறும். கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். கையில் சாக்லேட் இருந்தாலும் அதைச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கே தோன்றாது. அதற்கு அப்புறம்... அதைப் பற்றி யோசிக்காமல் ஓட்டினேன்.

பல்லாவரம் நெருங்கும்போது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டி எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பர். தினமும் இந்த நேரத்தில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒருவர் கூப்பிடுவார். கட் செய்தேன்.

வண்டியைக் கிளப்புவதற்குள் மறுபடி அடித்தது. அதே நம்பர்.

“சார், மல்லிகா அக்காவோட வூட்டுக்காரரா?”

“ஆமா.”

“நான் ஷேர் ஆட்டோ ஓட்றேன் சார், பேரு பாஸ்கர். அக்கா என் வண்டியிலதான் வந்துகினு இருந்தாங்க. எங்க எறங்கணும்னு கேட்டா, ‘செகண்ட் பீரியட் முடிஞ்சுதா’ன்னு கேக்கறாங்க. வேர்த்து ஊத்துது. வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“அவங்களுக்கு சுகர். இறங்கியிருக்கு. பேசறாங்களா? முழுங்க முடியுமா?”

“பேசறாங்க சார். கண்ணு மட்டும் சொருகற மாதிரி கீது.”

“பக்கத்துல கடை இருக்கா? ஜூஸ், சர்க்கரை தண்ணி, எதுவா இருந்தாலும் சரி. இனிப்பா இருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. மயங்கிட்டா மட்டும் வாயில எதையும் ஊத்தாதீங்க.”

“கரும்பு ஜூஸ் கட முன்னாலதான் நிக்கறேன். வாங்க சார். பம்மல் மெயின் ரோடு. நான் எங்கியும் போவல.”

போன் கட்டாகும்போது அவர் சொல்வது கேட்டது. ‘யக்கா, இத புடிங்க. மெதுவா... பசங்களுக்கு லீவு வுட்டாச்சு, நீங்க குடிங்க.’

பல்லாவரத்திலிருந்து பம்மல் எவ்வளவு தூரம்? சாதாரண நாளில் பத்து நிமிடம். அன்று எவ்வளவு ஆனது என்று எனக்குத் தெரியாது.

ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கண்ணாடி இல்லை, அதைப் பாஸ்கர் பத்திரமாகத் தன் சட்டைப் பையில் வைத்திருந்தார். கையில் பாதி காலியான டம்ளர். ஆட்டோவில் வந்த ஒரு அம்மா, தான் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல், முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மற்ற பயணிகள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்தாள். யார் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டு விநாடி ஆனது. அந்த இரண்டு விநாடியை நான் மறக்கப்போவதில்லை.

விரலில் குத்திப் பார்த்தேன். எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. நாற்பத்தெட்டு. ஜூஸ் குடித்த பிறகு நாற்பத்தெட்டு என்றால், முன்னால் எவ்வளவு இருந்திருக்கும்? இன்னொரு டம்ளர் கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். எண்பத்தாறு. அவள் முகத்தில் அவள் திரும்பி வந்தாள்.

பாஸ்கரிடம் கேட்டேன், என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று.

“பேரு கேட்டப்ப அக்காவே சொன்னாங்க சார். போனு லாக் இல்லாம இருந்துச்சு. தெறந்து பாத்தேன். ‘வீட்டுக்காரர்’னு போட்டிருந்துது. அதுலேர்ந்து அடிச்சா போவல. அதான் என் போன்லேர்ந்து போட்டேன். நீங்க வேற கட் பண்ணிட்டீங்க.” தயங்கிவிட்டுச் சொன்னார். “எங்கம்மாவுக்கும் சுகர் சார். இப்டிதான் சம்பந்தமில்லாம பேசுவாங்க. அதான் புரிஞ்சுது. வேற யாராச்சும்னா குடிச்சிருக்காங்கன்னு நெனப்பாங்க.”

ஸ்கிரீன் லாக் ஏன் இல்லை? அவசரத்தில் நான் போடவில்லை. சாவகாசமாக எல்லாம் முடித்திருந்தால் அதையும் போட்டிருப்பேன். அப்படியானால் பாஸ்கர் யாரைக் கூப்பிட்டிருப்பார்? நான் செய்த தப்புகளில் ஒன்று மட்டும் நல்லதாக முடிந்தது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

அந்த அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பாஸ்கர் கிளம்பினார். நாங்கள் இருவரும் பெஞ்சில் இருந்தோம்.

“தலை பாரமாத்தான் இருந்தது” என்றாள் மல்லிகா. “சுகரா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. போனைப் பார்த்தேன். சத்தமே போடலை. சரி, வெயில்தான்னு நினைச்சுக்கிட்டேன்.”

இதைக் கேட்ட பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பூட்லோடர், எச்சரிக்கையின் முதல் வரி, சுற்றிக்கொண்டிருந்த வட்டம், பன்னிரண்டு மணிக்குப் படித்த இரண்டு வரி. அவள் குறுக்கே பேசவில்லை. கணக்கு டீச்சர்கள், பையன் தப்பாகப் போடும் கணக்கைக் கடைசி வரி வரைக்கும் போட விட்டுத்தான் பார்ப்பார்கள்.

“கிளம்பும்போது கேட்டேன். அடிக்கும்னு சொன்னீங்க. தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?”

“தெரியாமத்தான்.”

“தெரியலைன்னு சொல்லியிருந்தா நாலு மிட்டாய் வாங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போயிருப்பேன். அவ்வளவுதானே.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கருவி ரிப்பேர் என்று தெரிந்தால் நாம் அதை நம்ப மாட்டோம். வேறு வழி பார்ப்போம். ஓடுவது போலவே இருந்துகொண்டு வேலை செய்யாத கருவிதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அதன் மௌனத்தை ‘எல்லாம் சரி’ என்று எடுத்துக்கொள்கிறோம். மனிதர்களும் அப்படித்தான். ‘தெரியாது’ என்று சொல்ல இரண்டு விநாடி. ஆண்களுக்கு, அதிலும் கையில் ஸ்க்ரூ டிரைவரோ கேபிளோ வைத்திருக்கும் ஆண்களுக்கு, அந்த இரண்டு விநாடி கிடைப்பதே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு வீட்டுக்கே வந்தார். கம்பெனியின் பழைய சாஃப்ட்வேரையே திரும்ப ஏற்றி, பூட்லோடரை மறுபடி பூட்ட வேண்டும். “முழுசா ஏறினப்புறம்தான் பூட்டணும் சார். பாதியில பூட்டிட்டா போன் அப்புறம் எழுந்துக்கவே எழுந்துக்காது” என்றார். இந்தத் தடவை திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் மல்லிகா சத்தமாகப் படித்தாள். நாங்கள் இரண்டு பேரும் கைகட்டிக் கேட்டோம். படித்து முடித்து, அவள் தலையசைத்த பிறகுதான் ஜெரால்டு பட்டனை அழுத்தினார். போன் இருண்டது. ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... கம்பெனியின் பெயர் ஒளிர்ந்தது. மூன்று பேரும் மூச்சு விட்டோம்.

போன் இப்போது பழைய மாதிரியே ஆமை வேகம். கால் வருகிறது. புது சென்சார் ஒட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலறையில் அலாரம் அடித்தது. காதுக்கு அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அவள் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அப்புறம் அவளே ஒரு வேலை செய்திருக்கிறாள். ஒரு சின்ன அட்டையில் அழகான கையெழுத்தில் எழுதி, வெளியே தெரிகிற மாதிரி போன் கவருக்குள் வைத்திருக்கிறாள். ‘எனக்கு சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். குழறிப் பேசினால் இனிப்பு கொடுங்கள். இந்த நம்பருக்குச் சொல்லுங்கள்.’

நம்பர் ஷீலா டீச்சருடையது.